பகல்ல லங்கோடு, ராத்திரியில டயப்பர் – ஒரு கூட்டணி ஆட்சி

டிஸ்கி: இது மூத்திரம், கக்கா சம்பந்தப்பட்ட பதிவு. சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க கையைக் கழுவிட்டு அப்புறமா வாங்க.

மக்களே, ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆணி அதிகம்னு பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு ஒரு வாண்டு வந்திருக்கான். இப்போ பதினோரு மாசம். கீபோர்டைப் பார்த்தா ரெண்டு கையாலயும் மத்தளம் வாசிக்கிறான். அவன் தூங்குற நேரத்துல தட்டச்சினது இது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

எங்க குடும்ப வாட்ஸப் குழுவுல அரசியல் பேசக்கூடாதுன்னு ஒரு எழுதாத சட்டம் உண்டு. ரெண்டு தேர்தலுக்கு முன்னாடி நடந்த ஒரு அடிதடிக்கு அப்புறம் வந்த சட்டம். ஆனா டயப்பருக்கு அப்படித் தடை எதுவும் இல்லை. வாண்டோட ஒரு போட்டோ போட்டேன். அவன் சிரிப்பை ஒருத்தரும் பார்க்கலை. "என்னம்மா, பகல்லயே ஹக்கீஸ் போட்டு வெச்சிருக்க?"ன்னு பெரியம்மா ஆரம்பிச்சாங்க. (எங்க ஊர்ல எந்தக் கம்பெனி டயப்பரா இருந்தாலும் அது ஹக்கீஸ்தான். யாழ்ப்பாணத் தோழி வீட்டுல எதுவா இருந்தாலும் பம்பர்ஸ்.) பெங்களூர்ல இருக்கிற அக்கா உடனே, "இந்தக் காலத்துல யாரு பெரியம்மா துணி துவைச்சிட்டு இருப்பா?"ன்னு பதில் போட்டா. அவ்ளோதான். நூத்துச் சொச்சம் மெசேஜ்!

ஆக, நாட்டுல ரெண்டு கட்சி. துணிக் கட்சி, டயப்பர் கட்சி. ரெண்டுமே மெஜாரிட்டி கிடைக்காத கட்சிங்கறது என் அபிப்பிராயம். நான் கூட்டணி ஆட்சிக்காரி. வீட்டுல இருக்கிற பகல் நேரத்துக்குத் துணி, ராத்திரிக்கும் வெளியில போறதுக்கும் டயப்பர். இது பாதிப் பாதின்னு சமாதானத்துக்குச் செஞ்ச ஏற்பாடு இல்லை. ஒவ்வொண்ணும் எந்த வேலைக்குச் சரியா வருதோ அந்த வேலையை அதுகிட்ட குடுத்திருக்கோம், அவ்வளவுதான். எப்படின்னு சொல்றேன்.

முதல்ல துணிக் கட்சியோட பிரச்சாரத்தை எடுத்துக்குவோம்.

"டயப்பர் போட்டா கால் வளைஞ்சிடும்." இதை என்கிட்ட சொல்லாத உறவுக்காரங்களே கிடையாது. பொறந்த குழந்தைங்க எல்லாருக்குமே கால் கொஞ்சம் வில்லு மாதிரித்தாங்க இருக்கும். வயித்துக்குள்ள மடங்கிக் கிடந்த கால் அது. நடக்கப் பழகி, ஏறக்குறைய ரெண்டு வயசு வாக்குல தானா நேராகும். இதுக்கும் டயப்பருக்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனா காலை நீட்டி வெச்சு இறுக்கமாச் சுத்துறதுதான் இடுப்பு மூட்டுக்கு ஆகாதுன்னு டாக்டருங்க சொல்றாங்க. அந்தச் சுத்தலைச் செய்றதும் பெரும்பாலும் துணிக் கட்சிக்காரங்கதான் :-)

"துணின்னா புண்ணே வராது." இதுவும் முழு உண்மை இல்லை. புண்ணு வர்றது ஈரத்தால, உராய்வால. மூத்திரமும் கக்காவும் கலந்து தோல் மேலயே கிடந்தா, கக்காவுல இருக்கிற செரிமான நொதிகள் தோலை அரிக்க ஆரம்பிச்சிடும். ஈரத் துணியோட ரெண்டு மணி நேரம் கிடந்தா துணியிலயும் புண்ணு வரும். எதைப் போட்டோம்ங்கறதை விட எத்தனை தடவை மாத்தினோம்ங்கறதுதான் முக்கியம். துணிக்கு ஒரு வசதி என்னன்னா, நனைஞ்சா உடனே தெரிஞ்சிடும், மாத்தியே ஆகணும். அந்த நல்ல பேரு எல்லாம் அப்படி வந்ததுதான்.

இப்போ டயப்பர் கட்சி. இவங்களோட ஒரே கோஷம்: "பன்னெண்டு மணி நேரம் உலர்வா இருக்கும்." அட்டையிலயே போட்டிருக்காம். இருக்கும்ங்க, மேல் பக்கம் உலர்வாத்தான் இருக்கும். எப்படின்னு பார்க்கணும்னா கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

அமெரிக்காவுல மரியன் டோனவன்னு ஒரு அம்மா. ராத்திரி எல்லாம் குழந்தையோட படுக்கை நனையறது பொறுக்காம, குளியலறையில தொங்குற பிளாஸ்டிக் திரையை வெட்டித் தைச்சு, துணி நாப்பிக்கு மேல போடற உறை ஒண்ணு பண்ணினாங்க. 1949ல நியூயார்க் கடையில விற்பனைக்கு வந்து, 1951ல காப்புரிமையும் கிடைச்சது. இன்னைக்கு நாம போடற துணி டயப்பரோட மேல் உறைக்கு அதுதான் பாட்டி. அடுத்து விக்டர் மில்ஸ்னு ஒரு தாத்தா. பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி எஞ்சினியர். பேரக் குழந்தைக்கு நாப்பி மாத்தற வேலை பிடிக்காமப் போய், தூக்கிப் போடற டயப்பரைக் கொண்டுவர முனைஞ்சார். 1961ல பேம்பர்ஸ் வந்தது. தாத்தா ஒருத்தர் நாப்பி மாத்தினா உலகத்துக்கே ஒரு கண்டுபிடிப்பு கிடைக்குது பாருங்க. நம்மூர் தாத்தாக்கள் கவனிக்க!

ஆனா அந்தக் காலத்து டயப்பருக்குள்ள வெறும் மரக்கூழ்தான். பருமனா இருக்கும், சீக்கிரம் ஒழுகும். 1980கள்ல உள்ளே சோடியம் பாலி அக்ரிலேட்ங்கற தூள் வந்த பிறகுதான் ஆட்டமே மாறிச்சு. சர்க்கரை மாதிரி இருக்கும். தண்ணி பட்டா ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி உப்பிடும். வெறும் தண்ணின்னா தன் எடையைப் போல நூத்துக்கணக்கான மடங்கு குடிக்கும். மூத்திரத்துல உப்பு இருக்கிறதால அதுல பத்துல ஒரு பங்கு அளவுதான் குடிக்கும். அதுவே ஒரு ராத்திரிக்குப் போதும். கடையில வாங்கின டயப்பரைக் கிழிச்சு உள்ளே இருக்கிற தூளை ஒரு டம்ளர்ல போட்டுத் தண்ணி ஊத்திப் பாருங்க. கெட்டியானப்புறம் ஒரு ஸ்பூன் உப்பு போட்டா மறுபடி தண்ணி விட்டுக்கும். (பிள்ளைங்க பக்கத்துல இல்லாதப்போ செய்ங்க.)

இந்தத் தூள்தான் டயப்பரோட பலம், பலவீனம் ரெண்டும். ராத்திரிக்கு இதை அடிச்சுக்க ஆள் இல்லை. பகல்ல இதுவே நம்மளை ஏமாத்தும். எப்படின்னா, நனைஞ்சது தெரியாது. தெரியாததால மாத்த மாட்டோம். "இன்னும் ஊறல, இருக்கட்டும்"னு விலையை நெனைச்சு நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம் விட்டுடுவோம். என் கண்ணு முன்னாடி எத்தனை கல்யாண மண்டபத்துல பார்த்திருக்கேன், முட்டி வரைக்கும் தொங்குற டயப்பரோட நடக்கிற வாண்டுகளை. அது அம்மா அப்பாவோட சோம்பல் இல்லைங்க. ஒண்ணு பத்து ரூபாய்ங்கற கணக்கு.

இன்னொண்ணு இதைவிட முக்கியம். பொறந்த முதல் சில வாரங்கள்ல தாய்ப்பால் போதுமா இல்லையான்னு அம்மா மண்டையைப் பிச்சுக்குவா. சுத்தி இருக்கிறவங்க "பால் பத்தலை"ன்னு கிளப்பி விடுவாங்க. அதுக்கு டாக்டருங்க சொல்ற எளிய கணக்கு: அஞ்சாறு நாள் ஆனதும் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போனா பால் போதுதுன்னு அர்த்தம். துணின்னா விரல் விட்டு எண்ணிடலாம். டயப்பர்ல மூணு தடவை போனதும் ஒரே கனம்தான். மாயவரத்துல எங்கம்மா வீட்டுல இருந்த அந்த மூணு மாசமும் நான் கொடியைத்தான் பார்ப்பேன். கொடி நிறையத் துணி காஞ்சா என் பாலு போதும். இதுக்கு மேல ஒரு ஆறுதல் யாராலயும் எனக்குச் சொல்ல முடியலை.

அம்மா வீட்டு ஏற்பாடு உங்களுக்கெல்லாம் தெரிஞ்சதுதான். தாத்தாவோட பழைய எட்டு முழ வேட்டி, துவைச்சுத் துவைச்சுப் பூ மாதிரி ஆனது. சதுரமாக் கிழிச்சு, முக்கோணமா மடிச்சு, முன்னாடி ஒரு முடிச்சு. தூங்கறதுக்குப் பழைய காட்டன் புடவையில தூளி. தூளிக்குக் கீழே ஒரு சாக்கு. மடியில போட்டுக்க ஒரு ரப்பர் ஷீட். கொல்லைப்பக்கம் துவைக்கிற கல்லு, கிணறு, வெயில், நீளமான கொடி. துவைக்க வீட்டோட ஒரு அக்கா. இத்தனையும் இருந்தா துணிக் கட்சி ஆட்சி நடத்தலாம், நான் மறுக்கலை.

நாலாவது மாசம் சென்னை. மூணாவது மாடி. நாலு அடி பால்கனி. அதுல ஏற்கனவே துளசிச் செடியும், ரங்கமணியோட ஓடாத சைக்கிளும். இங்க வந்து அதே சட்டத்தை அப்படியே அமல்படுத்துன்னா எப்படிங்க?

பெரியவங்க "நாங்கள்லாம் அஞ்சு புள்ளை வளர்க்கலையா"ன்னு கேக்கறப்போ எனக்கு மரியாதைதான் வருது. கூடவே ஒரு கேள்வியும் வருது. அந்த அஞ்சு புள்ளையோட துணியையும் யாரு துவைச்சாங்க? நாலு ஓர்ப்படி, ரெண்டு நாத்தனார், ஒரு பாட்டி, ஒரு வேலைக்காரம்மா. அத்தனை கையும் இப்போ எங்கே? இருக்கிறது ரெண்டே கை. அதுவும் சிசேரியன் தையல் போட்ட உடம்போட கை. துணி இயற்கையானது, சுகமானது, எல்லாம் சரி. அந்தச் சுகம் யாரோ ஒருத்தரோட முதுகு வலி மேலதான் நிக்குது. அந்த யாரோ ஒருத்தர் எல்லா வீட்டுலயும் ஒரு பொம்பளைதான்.

அதனால எங்க வீட்டுல ஒரு சட்டம் போட்டேன். துவைக்கிற கைக்கும், ராத்திரி முழிக்கிற கண்ணுக்கும் மட்டும்தான் இந்த விஷயத்துல ஓட்டு. மத்தவங்க அபிப்பிராயம் சொல்லலாம், காபியும் சாப்பிடலாம், ஓட்டு மட்டும் கிடையாது.

இந்த ஒரு சட்டத்தால பாதிப் பிரச்சினை தானா அடங்கிடுச்சு. பெரியம்மா மெசேஜ் குறைஞ்சது. ரங்கமணிக்கு ஓட்டு வேணுமாம். சரி, துவைங்கன்னுட்டேன். இப்போ தினம் ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் அன்னைக்குச் சேர்ந்த துணியை மெஷின்ல போட்டு, எடுத்துக் கொடியில காயப்போடறது அவர் பொறுப்பு. ரெண்டே வாரத்துல ஆளு நிபுணர் ஆயிட்டார். "கம்ஃபர்ட் ஊத்தாதே, துணி ஈரத்தை உறிஞ்சாது"ன்னு எனக்கே வகுப்பு எடுக்கிறார்.

அது நிஜம்தாங்க. துணி மென்மையாக ஊத்துற அந்தத் திரவம் நூல் மேல ஒரு பூச்சு மாதிரிப் படிஞ்சு, உறிஞ்சற சக்தியைக் குறைச்சிடும். துணி டயப்பர் ஒழுகுதுன்னு புலம்பறவங்க முதல்ல இதைத்தான் பார்க்கணும். ரெண்டாவது, புதுசா வாங்கின பருத்தித் துணியை நாலஞ்சு தடவை துவைச்சாத்தான் முழுசா உறிஞ்சும். நம்ம பாட்டிங்க பழைய வேட்டியைத் தேடினது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை, பாருங்க!

இனி எங்க வீட்டு நடைமுறை. யாருக்காவது பயன்படலாம்.

காலையில எழுந்ததும் ராத்திரி போட்ட டயப்பரைக் கழட்டி, தண்ணியில கழுவித் துடைச்சு, அரைமணி நேரம் ஒண்ணுமே போடாம விட்டுடுவோம். பாயில ரப்பர் ஷீட் மேல உருண்டுகிட்டு இருப்பான். தோலுக்குக் காத்து படறதை விடப் பெரிய மருந்து எந்த டப்பாவுலயும் கிடையாது. பவுடர் கிட்டவே போறதில்லை. அந்தத் தூசி குழந்தையோட மூச்சுல போறது நல்லதில்லைன்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டாங்க.

பகல் முழுக்க அத்தை ராஜ்ஜியம். (மாமியாரைச் சொல்றேன்.) நான் வேலைக்குத் திரும்பினதுல இருந்து பகல்ல அவங்கதான் பார்த்துக்கறாங்க, அதனால அவங்களுக்கும் ஓட்டு உண்டு. அவங்க ஓட்டு எப்பவுமே துணிக்குத்தான். ஆனா முடிச்சுப் போட விரல் வலிக்குதுன்னாங்க. அதனால வேட்டி லங்கோட்டோட, பட்டன் வெச்ச துணி டயப்பரும் வாங்கினோம். மேல தண்ணி ஒழுகாத உறை, உள்ளே சொருகற பருத்திப் பட்டை. அந்தப் பட்டையில மைக்ரோஃபைபர்னு ஒரு வகை உண்டு. சட்டுனு உறிஞ்சும், ஆனா குழந்தை உட்கார்ந்து அழுத்தினா கக்கிடும். நேரா தோல்ல படவும் கூடாது, தோலோட ஈரத்தையே இழுத்து வறட்டிடும். பருத்தியோ மூங்கில் நாரோ நிதானமா உறிஞ்சும், ஆனா பிடிச்சு வெச்சுக்கும். கடைக்காரர் இதெல்லாம் சொல்ல மாட்டார், கேட்டு வாங்குங்க.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அத்தை அவனைத் தன் பாதத்து மேல உட்கார வெச்சு "ஸ்ஸ்ஸ்"ஸுன்னு சத்தம் குடுப்பாங்க. பாதி தடவை பலிக்கும். இதையெல்லாம் பார்த்துச் சிரிச்ச அக்கா, இதே விஷயத்தை வெள்ளைக்காரங்க புத்தகமாப் போட்டு விக்கறாங்கன்னு தெரிஞ்சதும் வாயை மூடிக்கிட்டா. துணியில இருக்கிறப்போ வாண்டுக்கும் ஈரம்னா என்னன்னு தெரியுது. நெளியறான், முகத்தைச் சுளிக்கிறான். நமக்கும் அந்த நேரம் பிடிபடுது.

நனைஞ்ச துணியைத் தண்ணியில ஊற வெக்கிறதில்லை, நாத்தம்தான் கூடும். திறந்த கூடையில போட்டுடுவோம். கக்கா ஆனதை மட்டும் டாய்லெட்ல உதறி, கைக்குழாயால அடிச்சுட்டு, அப்புறம் கூடை. ராத்திரி மெஷின்ல முதல்ல பச்சைத் தண்ணியில ஒரு அலசு, அப்புறம் சுடுதண்ணியில சோப்புப் பவுடர் போட்டுத் துவைச்சு, கடைசியா இன்னொரு அலசு. டெட்டால் வேண்டாம், சரியா அலசலைன்னா தோலை எரிக்கும். காலையில வெயில் வந்தா போதும். கறை கூட வெயில்ல வெளுத்துடும்.

ராத்திரி ஒன்பதரைக்கு டயப்பர். துத்தநாகம் கலந்த க்ரீம் மெல்லிசா ஒரு பூச்சு. தொடையைச் சுத்தி இருக்கிற கொசுவம் உள்பக்கம் மடங்காம வெளிய எடுத்து விடணும். ஆம்பளைப் புள்ளைன்னா அதைக் கீழ்ப்பக்கமாப் பார்க்க வெச்சு மாட்டணும். இல்லாட்டி விடியக்காலை இடுப்பு வழியா ஒழுகி சட்டையெல்லாம் தெப்பம். நடுவுல கக்கா போனா உடனே மாத்தியே தீரணும், அதுக்குச் சலுகை கிடையாது. வெறும் மூத்திரம்னா தூங்கட்டும்.

ராத்திரிக்கு ஏன் இவ்ளோ பிடிவாதமா டயப்பர்னு கேட்டா, தூக்கம்ங்க. துணின்னா அவன் நனைஞ்சதும் முழிப்பான். அவன் முழிச்சா நான், நான் முழிச்சா வீடு. பால் குடுக்கிறதுக்கே ரெண்டு தடவை எழுந்திருக்கிறவளை இன்னும் நாலு தடவை எழுப்பறது என்ன நியாயம்? புதுசாப் பெத்தவளோட தூக்கம் சொகுசு இல்லை. அது கெட்டா மனசு கெடும், வீடே கெடும். பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வைப் பத்தி நம்ம வீடுகள்ல இன்னும் யாரும் வாய் திறக்கறதில்லை. "ஹக்கீஸ் போட்டுத் தூங்கறா பாரு"ன்னு ஒரு வார்த்தை சொல்றது ரொம்ப சுலபம். அப்படிச் சொல்றவங்களுக்கு என் வீட்டு வாசல் ராத்திரி ரெண்டு மணிக்குத் திறந்தே இருக்கும். வந்து மாத்திட்டுப் போங்க.

சரி, காசு. முழுக்க டயப்பர்னா ஒரு நாளைக்கு ஏழு, ஒண்ணு பத்து ரூபாய்னு வெச்சாலும் மாசம் 2,100. எங்க கூட்டணியில ராத்திரிக்கு ஒண்ணு, எப்பவாவது வெளியில போக ஒண்ணு, மாசம் நாப்பதுக்குள்ள முடியுது, அதாவது 400 ரூபாய். துணி டயப்பர் பன்னெண்டு, ஒண்ணு 350 வீதம் 4,200. மூணு மாசத்துக்குள்ள போட்ட காசு திரும்பி வந்துடுச்சு. 2025 செப்டம்பர் 22ல இருந்து குழந்தை டயப்பருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்துல இருந்து 5 ஆக் குறைச்சாங்க, அதனால டயப்பர் கட்சிக்குக் கொஞ்சம் கொண்டாட்டம். இருந்தாலும் கணக்கு அவங்க பக்கம் திரும்பலை.

அடுத்தது சுற்றுச்சூழல். இதுல ரெண்டு கட்சியும் ஆளுக்கொரு ஆராய்ச்சியைத் தூக்கிட்டு வருவாங்க. பிரிட்டன் அரசுக்காக 2008ல வெளியான ஒரு ஆய்வுல, ரெண்டரை வருஷத்துக்கு ஒரு குழந்தையோட டயப்பரால வர்ற கரியமில வாயுக் கணக்கு ஏறக்குறைய 550 கிலோ, துணியால 570 கிலோன்னு வந்தது. "பார்த்தீங்களா, துணிதான் மோசம்"னு குதிச்சாங்க. ஆனா அதே ஆய்வை முழுசாப் படிச்சா, துணியைக் கொடியில காயப்போட்டு, மெஷினை நிரப்பித் துவைச்சு, ரெண்டாவது குழந்தைக்கும் அதையே போட்டா 40 சதவீதம் வரைக்கும் குறையும்னு இருக்கு. கூடிப்போறது எல்லாம் கொதிக்கிற சூட்டுல துவைச்சு, மின்சார டிரையர்ல காய வெக்கிறதால. 2023ல அங்கேயே வந்த புது ஆய்வுல துணிக்குப் பாதிப்பு 25 சதவீதம் கம்மின்னு சொல்லிட்டாங்க. நம்மகிட்ட டிரையர் எங்கே இருக்கு? மார்கழி வெயில் கூட சென்னையில மத்தியானத்துக்குள்ள காய வெச்சுடும். அந்தச் சண்டையில நம்ம மொட்டை மாடிக் கொடிக்குத்தான் ஜெயம்.

ஆனா எனக்கு வாயுக் கணக்கை விட மனசை உறுத்தறது குப்பைத் தொட்டி. டயப்பரோட மேல் தாள், அடித் தாள், அந்தத் தூள், எல்லாமே பிளாஸ்டிக் வகையறா. மக்காது. ஈரம் சொட்டறதால சரியா எரியவும் எரியாது. சென்னையில பெருங்குடிக்கோ கொடுங்கையூருக்கோ போற வண்டியில ஏறறதுக்கு முன்னாடி, அதைக் கையால பிரிக்கிற ஒருத்தர் இருக்காங்க. நாம கக்காவோட சுருட்டி, காய்கறித் தோலோட கறுப்புக் கவர்ல கட்டிப் போடறதை அந்தம்மா பிரிச்சுப் பார்க்கணும். மேல சொன்னேனே, துவைக்கிற கைக்குத்தான் ஓட்டுன்னு. இந்தக் கையும் அதுல சேர்த்திதாங்க. நம்ம வீட்டு அழுக்கைத் தொடற கடைசிக் கை அது.

2016ல வந்த திடக்கழிவு விதிகள்லயே இதைத் தனியாச் சுத்திக் குடுக்கணும்னு இருந்தது. சுத்திப் போட உறையைப் பாக்கெட்டோடவே தயாரிப்பாளர் குடுக்கணும்னும் இருந்தது. உங்க பாக்கெட்ல எத்தனை தடவை அந்த உறையைப் பார்த்தீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. புனேயில குப்பை சேகரிக்கிற பெண்களோட ஸ்வச் கூட்டுறவு அமைப்பு, 2013ல உபயோகிச்ச நாப்கின்களை மூட்டை கட்டித் தயாரிச்ச கம்பெனிகளுக்கே திருப்பி அனுப்பிச்சு. அந்தக் கோபம் நியாயமான கோபம். அதனால எங்க வீட்டுல கக்காவை டாய்லெட்ல தட்டி விட்டுட்டு, டயப்பரைச் சுருட்டி, பழைய பேப்பர்ல சுத்தி, மேல சிவப்புப் பேனாவால ஒரு பெரிய புள்ளி வெச்சுத் தனியாக் குடுக்கறோம். குப்பை வண்டியில வர்ற அம்மாகிட்ட சிவப்புப் புள்ளின்னா என்னன்னு முதல் நாளே சொல்லியாச்சு. நாளைக்கு ஏழு போட்டா இதெல்லாம் செய்வோமா? சத்தியமா மாட்டோம். ஒண்ணுங்கறதால செய்றோம்.

கூட்டணி ஆட்சின்னா நிலைமைக்கேத்த மாதிரி வளையணும். ஐப்பசியில அடைமழை பிடிச்சு நாலு நாள் வெயிலே இல்லாதப்போ, ஃபேனுக்கு அடியில தொங்கவிட்ட துணி ரெண்டாவது நாளும் ஜிலுஜிலுன்னு இருந்தது. அரைகுறையாக் காஞ்ச துணியைப் போட்டா பூஞ்சைப் புண்ணுதான் மிச்சம். மழை விடற வரைக்கும் முழு டயப்பர், குற்ற உணர்ச்சி ஒண்ணும் கிடையாது. அதே மாதிரி தண்ணி. 2019 கோடையில சென்னை ஏரிகள் எல்லாம் வறண்டு, லாரிக்குக் குடத்தோட நின்னவங்களுக்குத் துணியைப் பத்திப் பாடம் எடுக்க எனக்கு யோக்கியதை இல்லை. வயித்துப்போக்கு, பஸ் பயணம், டயப்பர்தான் வேணும்னு சொல்ற குழந்தைக் காப்பகம், இதெல்லாமும் விதிவிலக்குதான். எதிர்ப்பக்கம், புண்ணு வந்துட்டா ரெண்டு மூணு நாளைக்கு ராத்திரியும் துணி போட்டு அடிக்கடி மாத்துவோம். அதுக்கும் ஆறலைன்னா, இல்லை மடிப்புக்குள்ள செக்கச்செவேல்னு பொட்டுப் பொட்டாப் பரவினா, நேரா டாக்டர். பாட்டி வைத்தியம் அங்க செல்லாது.

கடைசியா ஒண்ணு. 2017ல சட்டத்தைத் திருத்தி அம்மாக்களுக்குப் பேறுகால விடுப்பை 26 வாரம் ஆக்கினாங்க. பெரிய விஷயம், எனக்கும் கிடைச்சது. ஆனா அந்தத் திருத்தத்துல அப்பாக்களுக்கு ஒரே ஒரு நாள் கூடச் சேர்க்கலை. அதாவது, நாப்பி மாத்தறது அம்மா வேலைன்னு சட்டமே முடிவு பண்ணின மாதிரி. துணியா டயப்பரான்னு நாம குழாயடிச் சண்டை போடற வரைக்கும் இந்தக் கேள்வியை யாரும் கேக்கப் போறதில்லை. துவைக்க இன்னொரு ஜோடி கை கிடைச்சா பல வீடுகள்ல துணி தானா ஜெயிக்கும். கிடைக்கலைன்னா டயப்பர்தான் ஜெயிக்கும், அதுக்கு அம்மாவைக் குத்தம் சொல்லாதீங்க. சுற்றுச்சூழலைக் காப்பாத்தற பொறுப்பை மொத்தமா அவ இடுப்புல கட்டி விட்டுட்டு மத்தவங்க டிவி பார்க்கிறது என்ன பச்சைப் புரட்சியோ!

பதிவுலக அப்பாக்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீங்க. உங்களுக்கு ஓட்டுரிமை இருக்கா இல்லையான்னு பின்னூட்டத்துல நேர்மையாச் சொல்லணும். தங்கமணிகிட்ட கேட்டு உறுதிப்படுத்திக்குவோம், ஜாக்கிரதை :-)

பி.கு.1: மழைக்காலத்துல துணி காய வெக்க யார்கிட்டயாவது நல்ல வழி இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க. இஸ்திரி போடறது தெரியும். உறைக்கு இஸ்திரி ஆகாது, உருகிடும்.

பி.கு.2: வாண்டு எழுந்துட்டான். கூடை நிரம்பியிருக்கு. இன்னைக்கு ரங்கமணி முறை. எஸ்கேப்ப்ப்!